டிரைவ்களால் வரும் ஹார்மோனிக்ஸைக் குறைப்பது எப்படி: அளவெடுப்பதிலிருந்து ஃபில்டர் தேர்வு வரை முழுமையான வழிகாட்டி

டிரான்ஸ்பார்மரில் லோடு பாதிக்கு மேல் இல்லை, ஆனாலும் கொதிக்கிறது, உறுமுகிறது. பவர் ஃபேக்டரைத் தானாகச் சரிசெய்யும் ஏ.பி.எஃப்.சி. பேனலில் கெபாசிட்டர்கள் உப்பிப் போகின்றன, ஃபியூஸ் அடிக்கடி போகிறது. டிரைவ் இல்லாமல் நேரடியாக ஓடும் மோட்டார்கள் காரணமின்றிச் சூடாகின்றன. ஜெனரேட்டரில் ஓட்டினால் மின்னழுத்தம் ஆடுகிறது. மோட்டாரின் வேகத்தை மாற்றும் டிரைவ்கள் அதிகமுள்ள ஆலையில் இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்து தெரிந்தால் முதலில் ஹார்மோனிக்ஸை, அதாவது 50 ஹெர்ட்ஸின் மடங்குகளாக வந்து சைன் அலையைச் சிதைக்கும் மின்னோட்டங்களைச் சந்தேகிக்க வேண்டும்.

உடனே எதிர் மின்னோட்டத்தைச் செலுத்தி ஹார்மோனிக்ஸை அழிக்கும் பெரிய ஆக்டிவ் ஃபில்டர் ஒன்றை வாங்கி மெயின் பேனலில் மாட்டிவிடலாம் என்று பலர் இறங்குகிறார்கள். பணம் அதிகமாகச் செலவாவது அந்த வழியில்தான். கெபாசிட்டர் பேங்க்கைச் சரிசெய்து, ஒவ்வொரு டிரைவுக்கும் சோக் (மின்னோட்டத்தின் திடீர் மாற்றத்தை மட்டுப்படுத்தும் சுருள், ரியாக்டர் என்றும் சொல்வார்கள்) போட்டு, மிச்சம் எத்தனை ஆம்பியர் என்று பார்த்த பிறகே ஃபில்டரைப் பற்றி யோசிக்க வேண்டும். கீழே உள்ள படிகள் அந்த வரிசையிலேயே உள்ளன. கணக்குகள் எல்லாம் 400 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் அமைப்புக்கானவை.

எங்கிருந்து வருகிறது

சாதாரண டிரைவின் உள்ளீட்டில் ஆறு டயோடு கொண்ட ரெக்டிஃபையரும் அதன் பின்னால் பெரிய டி.சி. கெபாசிட்டரும் இருக்கும். லைன் மின்னழுத்தம் கெபாசிட்டர் மின்னழுத்தத்தைத் தாண்டும் அந்தச் சில மில்லிசெகண்டுகளில் மட்டுமே டயோடு கடத்தும். அதனால் மின்னோட்டம் சைன் அலையாக வராமல், ஒவ்வொரு அரைச்சுற்றிலும் இரண்டு கூரிய முகடுகளாக வருகிறது. சோக் இல்லாத டிரைவை ஸ்கோப்பில் பார்த்தால் முகடுகளுக்கு இடையே மின்னோட்டம் பூஜ்யத்தைத் தொடும். சோக் போட்டதும் முகடுகள் தாழ்ந்து, அகன்று, நடுவில் ஒன்றோடொன்று சேர்ந்துகொள்ளும். சோக் வேலை செய்கிறதா என்பதை எண்களைப் பார்க்கும் முன்பே இந்த வடிவத்தில் கண்டுகொள்ளலாம்.

இந்த ஆறு டயோடு (ஆறு பல்ஸ்) ரெக்டிஃபையரில் 5, 7, 11, 13, 17, 19 ஆகிய வரிசைகள் வரும். 50 ஹெர்ட்ஸில் 5-ஆவது 250 ஹெர்ட்ஸ், 7-ஆவது 350 ஹெர்ட்ஸ். 5-ஆவது எதிர்த்திசையில் சுழலும் புலத்தை உண்டாக்கும். பக்கத்தில் நேரடியாக ஓடும் மோட்டார்கள் சூடாவதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. 3-ஆவது குறிப்பிடத்தக்க அளவில் தெரிந்தால் ஒற்றை ஃபேஸ் லோடுகளையோ, மூன்று ஃபேஸ் மின்னழுத்தம் சமமில்லாமல் இருப்பதையோ தேடுங்கள்.

டிரைவின் கேரியர் ஃபிரீக்வென்சியை (வெளியீட்டை அது ஸ்விட்ச் செய்யும் வேகத்தை) மாற்றினால் லைன் ஹார்மோனிக்ஸ் குறையும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. டயோடு ரெக்டிஃபையர் உள்ள டிரைவில் அது நடக்காது. கேரியர் ஃபிரீக்வென்சியும், டிரைவின் வெளியீட்டில் மாட்டும் சைன் ஃபில்டரும் மோட்டார் பக்கத்துக்கானவை. லைன் பக்கத்துப் பிரச்சினைக்கு அங்கே தீர்வு கிடையாது.

படி 1: அளவெடுத்தல்

ஐ.இ.சி. 61000-4-30 தரத்தின் கிளாஸ் ஏ வகை அனலைசர் வேண்டும். 50-ஆம் வரிசை வரை ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பதிய வேண்டும். சராசரியை அளந்து ஆர்.எம்.எஸ். (சூடாக்கும் திறனுக்குச் சமமான மதிப்பு) என்று காட்டும் மலிவான கிளாம்ப் மீட்டர் இந்தக் கூர்மையான அலையில் நிஜத்தைவிடக் குறைவாகவே காட்டும்.

மின்வாரியத்தோடு இணையும் பொது இணைப்புப் புள்ளி, டிரான்ஸ்பார்மர் செகண்டரி, பெரிய டிரைவ்களின் உள்ளீடு, கெபாசிட்டர் ஃபீடர் என நான்கு இடங்களில் அளவெடுங்கள். முதல் இரண்டிலும் ஒரு முழு வாரம் பதிவு ஓடட்டும். எந்த நேரத்தில் எத்தனை கெபாசிட்டர் ஸ்டெப்கள் (ஏ.பி.எஃப்.சி. தனித்தனியாகச் சேர்த்து நீக்கும் தொகுதிகள்) உள்ளே இருந்தன என்பதையும் குறித்து வையுங்கள். இந்தக் குறிப்பு இல்லாமல் எடுத்த பதிவு பாதி பயன்தான் தரும். ஏன் என்பது படி 4-இல் தெரியும்.

சதவீதத்தை மட்டும் பார்த்து ஏமாந்துவிட வேண்டாம். 50 ஆம்பியர் எடுக்கும் டிரைவில் மின்னோட்ட டி.எச்.டி. (50 ஹெர்ட்ஸ் அடிப்படை மின்னோட்டத்தோடு ஒப்பிட்டால் மொத்த ஹார்மோனிக்ஸ் எத்தனை சதவீதம் என்பது) 90 சதவீதம் என்றால் ஹார்மோனிக் 45 ஆம்பியர். 500 ஆம்பியரில் 35 சதவீதம் என்றால் 175 ஆம்பியர். டிரான்ஸ்பார்மரைச் சூடாக்குவது ஆம்பியர்தான். லோடு குறையும்போது டிரைவின் டி.எச்.டி. சதவீதம் எகிறும், ஆம்பியரோ குறையும். இரவில் சதவீதம் கூடிவிட்டதே என்று பதறத் தேவையில்லை.

கூடவே டிரைவ் பட்டியல் ஒன்று எழுதுங்கள்: கிலோவாட், முழு லோடில் உள்ளீட்டு ஆம்பியர், உள்ளே சோக் உண்டா இல்லையா. பல பெரிய டிரைவ்களில் டி.சி. சோக் உள்ளேயே வரும். சிறியவற்றில் பெரும்பாலும் இருக்காது. மெல்லிய ஃபிலிம் கெபாசிட்டர் கொண்ட டிரைவ் என்றால் தனியாகக் குறியுங்கள். அதில் சோக் இல்லாமலே 5-ஆவதும் 7-ஆவதும் குறைவாக இருக்கும், ஆனால் உயர் வரிசைகள் கூடுதலாக வரும். உற்பத்தியாளர் சம்மதிக்காமல் அதற்கு முன்னால் பெரிய ரியாக்டரைப் போட்டால் டி.சி. பஸ் அலைபாயும்.

படி 2: எல்லையைத் தெரிந்துகொள்ளுதல்

பரவலாகப் பின்பற்றப்படுவது ஐ.இ.இ.இ. 519 என்ற ஹார்மோனிக் தரம்; அதன் இப்போதைய பதிப்பு 2022-இல் வந்தது. 1 கிலோவோல்ட் வரை மின்னழுத்த டி.எச்.டி. 8 சதவீதம், தனி வரிசை 5 சதவீதம். அதற்கு மேல் 69 கிலோவோல்ட் வரை முறையே 5, 3 சதவீதம். மின்னோட்டத்துக்கு டி.டி.டி. என்ற அளவு: ஹார்மோனிக் ஆம்பியரை அந்த நேர லோடால் வகுக்காமல் உச்சத் தேவை மின்னோட்டத்தால் வகுப்பது. ஷார்ட் சர்க்யூட் மின்னோட்டத்துக்கும் உச்சத் தேவைக்கும் உள்ள விகிதம் 20-க்குக் கீழே என்றால் எல்லை 5 சதவீதம். 20 முதல் 50 வரை 8. 50 முதல் 100 வரை 12. 100 முதல் 1000 வரை 15. அதற்கு மேல் 20.

இந்த எல்லைகள் பொது இணைப்புப் புள்ளிக்கானவை. ஒவ்வொரு டிரைவின் முனையிலும் 5 சதவீதம் வேண்டும் என்று டெண்டரில் எழுதுவது தரத்தைத் தவறாகப் படித்ததன் விளைவு. அதனால் தேவையில்லாத இடத்திலெல்லாம் விலையுயர்ந்த டிரைவ் வந்து சேரும். உங்கள் பகுதியில் மின்வாரிய விதி வேறாக இருந்தால் அதுவே செல்லும்.

படி 3: ஒரு கணக்கு

1000 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மர், இம்பிடன்ஸ் (மின்னோட்டத்துக்கு அதன் உள் தடை) 5 சதவீதம் என்று கொள்வோம். முழு லோடு 1443 ஆம்பியர். உச்சத் தேவை 1200 ஆம்பியர், அதில் ஆறு பல்ஸ் டிரைவ்களின் அடிப்படை மின்னோட்டம் 500 ஆம்பியர்.

சோக் இல்லாத டிரைவில் 5, 7, 11, 13 வரிசைகள் வழக்கமாக 63, 54, 10, 6 சதவீதம் அளவில் இருக்கும். சோக் போட்டால் 33, 12, 8, 5. ஒவ்வொரு வரிசையும் தரும் மின்னழுத்தச் சிதைவைக் காண, அந்த ஹார்மோனிக் ஆம்பியரை டிரான்ஸ்பார்மர் முழு லோடால் வகுத்து, வரிசை எண்ணாலும் இம்பிடன்ஸ் சதவீதத்தாலும் பெருக்குங்கள். 5-ஆவதுக்கு: 315 வகுத்தல் 1443, பெருக்கல் 5, பெருக்கல் 5 சதவீதம். விடை 5.5 சதவீதம். இப்படியே 7-ஆவது 6.5, 11-ஆவது 1.9, 13-ஆவது 1.4. நான்கையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 8.8 சதவீதம், எல்லையைத் தாண்டிவிட்டது. சோக் போட்ட பிறகு அதே கணக்கு 3.7 சதவீதத்தில் நிற்கிறது. டிரைவ்களின் மொத்த ஆர்.எம்.எஸ். மின்னோட்டம் 653-இலிருந்து 532 ஆம்பியராக இறங்குகிறது. அந்த 121 ஆம்பியரும் கேபிளையும் டிரான்ஸ்பார்மரையும் சூடாக்கியதைத் தவிர வேறெந்த வேலையும் செய்யவில்லை.

இது பாதுகாப்பான பக்கம் நிற்கும் கணக்கு. டிரான்ஸ்பார்மரின் இம்பிடன்ஸே ஓரளவு சோக்காக நடந்துகொள்வதால் சோக் இல்லாத நிலையின் நிஜ அளவு சற்றுக் குறையலாம்.

படி 4: கெபாசிட்டர் பேங்க்கை முதலில் கவனியுங்கள்

ஹார்மோனிக்ஸைத் தொந்தரவு என்ற நிலையிலிருந்து ஆபத்து என்ற நிலைக்குக் கொண்டுபோவது பெரும்பாலும் கெபாசிட்டர்தான். டிரான்ஸ்பார்மரின் இண்டக்டன்ஸும் கெபாசிட்டரும் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் ஒத்ததிர்வுக்குள் போகும், அந்த அதிர்வெண்ணில் வரும் ஹார்மோனிக் பெருகும். ஷார்ட் சர்க்யூட் திறனைக் கெபாசிட்டரின் திறனால் (கே.வி.ஏ.ஆர்.) வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் எந்த வரிசையில் என்று தெரிந்துவிடும்.

நம் டிரான்ஸ்பார்மரின் ஷார்ட் சர்க்யூட் திறன் 1000 வகுத்தல் 0.05, அதாவது 20,000 கே.வி.ஏ. கெபாசிட்டர் 400 கே.வி.ஏ.ஆர். என்றால் 50-இன் வர்க்கமூலம், ஏறக்குறைய 7. டிரைவ்கள் 7-ஆம் வரிசையை ஊட்டிக்கொண்டிருக்கும்போது ஒத்ததிர்வும் அதே இடத்தில் விழுகிறது. 800 போனால் 5. 165 போனால் 11. ஏ.பி.எஃப்.சி. ஸ்டெப் ஸ்டெப்பாக ஏறி இறங்குவதால் நாள் முழுவதும் இந்த இடங்களைக் கடந்துகொண்டே இருக்கும். “சில நாள் மட்டும் ஃபியூஸ் போகிறது” என்ற புகாரின் பின்னணி பல ஆலைகளில் இதுதான்.

இதற்குத் தீர்வு, ஒவ்வொரு ஸ்டெப்பிலும் தொடராக 7 சதவீத டீட்யூண்டு ரியாக்டர். அது கெபாசிட்டரோடு சேர்ந்து 189 ஹெர்ட்ஸில் ட்யூன் ஆகும். 250 ஹெர்ட்ஸுக்கும் அதற்கு மேலும் அந்தக் கிளை இண்டக்டராகவே நடந்துகொள்ளும், எனவே டிரைவ் ஹார்மோனிக்ஸோடு ஒத்ததிர்வு வராது. 3-ஆவது வரிசை பலமாக உள்ள இடத்தில் 14 சதவீதம், அதாவது 134 ஹெர்ட்ஸ். இந்த வேலையில் மூன்று தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன.

பழைய கெபாசிட்டரோடு ரியாக்டரைச் சேர்ப்பது முதல் தவறு. 7 சதவீத ரியாக்டர் வந்ததும் கெபாசிட்டர் முனையில் அடிப்படை மின்னழுத்தம் 400-இலிருந்து 430 வோல்ட்டாக ஏறும், அதன்மேல் ஹார்மோனிக் மின்னழுத்தமும் சேரும். 440 வோல்ட் கெபாசிட்டர் அங்கே நெடுநாள் நிற்காது. குறைந்தது 480 வோல்ட் போடுங்கள். அடுத்தது லேபிள் கே.வி.ஏ.ஆரை அப்படியே நம்புவது. 480 வோல்ட்டில் 50 என்று எழுதியது, 400 வோல்ட் பஸ்ஸில் 7 சதவீத ரியாக்டரோடு 37 மட்டுமே தரும். கடைசியாக, ஒரே பஸ்ஸில் சில ஸ்டெப்களுக்கு ரியாக்டர் போட்டு, சிலவற்றை வெறும் கெபாசிட்டராக விடுவது. மிச்சமுள்ள வெறும் கெபாசிட்டர் புதிய ஒத்ததிர்வை உண்டாக்கும். போட்டால் எல்லாவற்றுக்கும் போடுங்கள்.

இன்னொன்றும் இங்கேயே சொல்ல வேண்டும். சோக் இல்லாத டிரைவின் அடிப்படை பவர் ஃபேக்டர் 0.98 அளவில் நன்றாகவே இருக்கும். ஆனால் டி.எச்.டி. 84 சதவீதம் என்றால் மொத்த பவர் ஃபேக்டர் 0.75-க்கு விழுந்துவிடும். இந்த இழப்பு சிதைவால் வருவது. கெபாசிட்டர் சேர்த்து இதை மீட்க முடியாது, சேர்க்கச் சேர்க்க நிலைமை மோசமாகவே செய்யும். சோக் போட்டு டி.எச்.டி. 36-க்கு வந்தால் அதே பவர் ஃபேக்டர் தானாகவே 0.92-க்கு ஏறும்.

படி 5: ஒவ்வொரு டிரைவுக்கும் சோக்

சோக் இல்லாத எல்லா டிரைவுக்கும் 3 முதல் 5 சதவீத லைன் ரியாக்டர் அல்லது உற்பத்தியாளர் சொல்லும் டி.சி. சோக். செலவழிக்கும் பணத்துக்கு இதைவிட அதிகம் திருப்பித் தரும் வேலை இந்தத் துறையில் இல்லை. மின்னழுத்தம் திடீரென எகிறும்போது ரெக்டிஃபையரைக் காப்பதும் லைன் ரியாக்டர்தான், டி.சி. சோக்குக்கு அந்தத் திறன் குறைவு.

மதிப்பைக் கணக்கிட, ஃபேஸ் மின்னழுத்தம் 231-ஐ விரும்பும் சதவீதத்தால் பெருக்கி, 314-ஆலும் டிரைவின் உள்ளீட்டு ஆம்பியராலும் வகுங்கள். 60 ஹெர்ட்ஸ் என்றால் 314-க்குப் பதில் 377. 100 ஆம்பியர் டிரைவுக்கு 3 சதவீதம் என்றால் 0.22 மில்லிஹென்றி, 5 சதவீதம் என்றால் 0.37 மில்லிஹென்றி. ஆம்பியர் ரேட்டிங்கை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது. குறைந்தது 150 சதவீத மின்னோட்டம் வரை இண்டக்டன்ஸ் விழாமல் நிற்குமா என்று கேளுங்கள். மலிவான கோர் முகடுகளின் உச்சியில் காந்தப்புலத்தால் நிரம்பிவிடும். எங்கே சோக் தேவையோ சரியாக அங்கே அது இல்லாமல் போகும்.

ஒரு டிரைவுக்கு ஒரு ரியாக்டர். பத்து டிரைவுக்குப் பொதுவாக ஒரு பெரிய ரியாக்டர் போட்டால், இரண்டு டிரைவ் மட்டும் ஓடும் நேரத்தில் அதன் சதவீதம் ஐந்தில் ஒன்றாகிவிடும். டிரைவ்கள் ஒன்றையொன்று பாதிப்பதையும் அது தடுக்காது.

டி.சி. சோக் மாட்டும்போது ஒரு சிறு விஷயம் முழு வேலையையும் கெடுக்கும். பல டிரைவ்களில் சோக் முனைகள் இரண்டையும் இணைத்து ஆலையிலிருந்தே ஒரு செப்புப் பட்டை போட்டு அனுப்புவார்கள். அதைக் கழற்றாமல் சோக்கை இணைத்தால் மின்னோட்டம் பட்டை வழியாகவே போய்விடும். சோக் சும்மா தொங்கும். மின்சாரத்தை நிறுத்தி, டி.சி. பஸ் வடிந்ததை மீட்டரில் உறுதிசெய்த பிறகே பட்டையைத் தொடுங்கள்.

ரியாக்டர் நன்றாகச் சூடாகும் பொருள். பேனலில் டிரைவின் காற்று உள்ளே போகும் வழிக்குக் கீழே வைத்தால் டிரைவ் சூட்டில் டிரிப் ஆகும். தனி அறையிலோ பேனலின் மேல் பகுதியிலோ வையுங்கள். ஏற்கனவே மின்னழுத்தம் குறைவாக வரும் இடத்தில் உள்ளே டி.சி. சோக்கும் வெளியே 5 சதவீத ரியாக்டரும் சேர்ந்தால் டி.சி. பஸ் தாழ்ந்து, முழு வேகத்தில் டார்க் பற்றாமல் போகலாம். அங்கே 3 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

படி 6: ஃபேஸ் மாற்றிப் பிரித்தல்

நம் கணக்குக்குத் திரும்புவோம். சோக் போட்ட பின் மிச்சம் 182 ஆம்பியர் ஹார்மோனிக், டி.டி.டி. 15.2 சதவீதம். 5-ஆவது மட்டும் 165 ஆம்பியர், 13.8 சதவீதம். விகிதம் 100 முதல் 1000 வரை உள்ள இணைப்பில்கூட 5-ஆவதுக்கு எல்லை 12 சதவீதம்தான். இன்னும் கொஞ்சம் குறைத்தாக வேண்டும்.

டிரைவ்களை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவை டெல்டா-ஸ்டார் ஐசோலேஷன் டிரான்ஸ்பார்மர் வழியாக ஓட்டுங்கள். அது தரும் 30 டிகிரி நகர்வால் இரு குழுக்களின் 5-ஆவதும் 7-ஆவதும் பஸ்ஸில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். 300-க்கு 200 என்று சமமில்லாமல் பிரிந்தாலும் 5-ஆவதில் மிஞ்சுவது 33 ஆம்பியர், 7-ஆவதில் 12. 11-ஆவதும் 13-ஆவதும் அப்படியே நிற்கும். மொத்தம் 59 ஆம்பியர், டி.டி.டி. 4.9 சதவீதம். எலக்ட்ரானிக்ஸ் எதுவும் சேர்க்காமல் கிடைத்த பலன் இது. 200 ஆம்பியர் குழுவுக்கு 200 கே.வி.ஏ. அளவில், ஹார்மோனிக் லோடுக்கென்று செய்த டிரான்ஸ்பார்மராக எடுங்கள். இரு குழுவும் ஒரே நேரத்தில் ஓட வேண்டும் என்பதுதான் நிபந்தனை. ஒன்று வேலை நேரத்திலும் மற்றொன்று ஸ்டாண்ட்பையாகவும் இருக்கும் பம்புகளை ஆளுக்கொரு பக்கம் போட்டால் எதுவும் அழியாது.

படி 7: மிச்சத்துக்கு ஃபில்டர்

பெரிய டிரைவ் ஒன்றோ இரண்டோதான், பெரும்பாலும் அதிக லோடில் ஓடுகிறது என்றால் ரியாக்டரும் கெபாசிட்டரும் கொண்ட பாஸிவ் ஹார்மோனிக் ஃபில்டர் நல்ல தேர்வு. முழு லோடில் 5 முதல் 8 சதவீதம் டி.எச்.டி. கிடைக்கும். டிரைவின் லேபிளைப் பார்க்காமல், நிஜமாக எடுக்கும் கிலோவாட்டுக்கு அளவெடுத்து வாங்குங்கள். இதன் பலவீனம் குறைந்த லோடில் தெரியும்: உள்ளே உள்ள கெபாசிட்டர் லீடிங் மின்னோட்டம் எடுக்கும், ஜெனரேட்டரின் வோல்டேஜ் ரெகுலேட்டர் தடுமாறும். ஜெனரேட்டர் உள்ள இடத்தில் கெபாசிட்டரைக் கழற்றிவிடும் கான்டாக்டர் கொண்ட வகையை வாங்கி, டிரைவின் ரிலேயோடு அதை இணைத்துவிடுங்கள்.

பல சிறு டிரைவ்கள், லோடு மாறிக்கொண்டே இருக்கும் என்றால் பஸ்ஸில் ஆக்டிவ் ஃபில்டர். இதை ஆம்பியரில் தேர்ந்தெடுக்க வேண்டும். நம் உதாரணத்தில் சோக் இல்லாமல் 420 ஆம்பியரை அது சமாளிக்க வேண்டியிருந்திருக்கும். சோக் போட்ட பின் 182. ஃபில்டரின் விலை பாதிக்கும் கீழே வருவது இதனால்தான். டிரைவ்களில் 3 சதவீத ரியாக்டர் இருப்பதைப் பல ஃபில்டர் உற்பத்தியாளர்கள் கட்டாயமாகவே கேட்கிறார்கள். நிறுவும்போது சி.டி.யின் (மின்னோட்டத்தை அளந்து ஃபில்டருக்குச் சொல்லும் கரண்ட் டிரான்ஸ்பார்மர்) திசையை இரண்டு முறை சரிபாருங்கள். தலைகீழாக மாட்டினால் ஃபில்டர் ஹார்மோனிக்ஸைக் கழிப்பதற்குப் பதில் கூட்டும். சி.டி. ஃபில்டருக்கு லைன் பக்கமா லோடு பக்கமா என்பது அதன் செட்டிங்கோடு ஒத்திருக்க வேண்டும். கெபாசிட்டர் பேங்க்கின் மின்னோட்டம் அந்த சி.டி. வழியாகப் போகாதபடி இடம் பாருங்கள்.

கிரேன், சென்ட்ரிஃபியூஜ் போல பிரேக்கிங் ஆற்றல் அடிக்கடி திரும்பி வரும் இடத்தில் ஆக்டிவ் ஃப்ரண்ட் எண்ட் டிரைவ் (உள்ளீட்டில் டயோடுக்குப் பதில் ஸ்விட்ச் ஆகும் டிரான்சிஸ்டர்கள் உள்ளது) பொருந்தும். டி.எச்.டி. 3 முதல் 5 சதவீதம்; வீணாகும் ஆற்றலும் லைனுக்குத் திரும்பும். வெறும் ஃபேனுக்கும் பம்புக்கும் இதை வாங்குவது பெரும்பாலும் வீண் செலவு. இழப்பும் பேனல் அளவும் கூடும், 2 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் புதிய இரைச்சலும் வரும். சில நூறு கிலோவாட்டுக்கு மேற்பட்ட ஒற்றை டிரைவுக்கு 12 அல்லது 18 பல்ஸ் ரெக்டிஃபையர் (படி 6-இன் ஃபேஸ் நகர்வை ஒரே டிரைவுக்குள் செய்வது) இன்னும் உறுதியான வழி. ஆனால் ஃபேஸ் மின்னழுத்தங்கள் 2, 3 சதவீதம் சமமின்றி வந்தாலே அதன் பலன் சரியத் தொடங்கும். அளவெடுத்த பதிவில் முதலில் அதைப் பாருங்கள்.

ஜெனரேட்டரில் ஓட்டும் நேரம் தனிக் கணக்கு. டிரான்ஸ்பார்மரின் 5 சதவீதத்துக்குப் பதில் ஜெனரேட்டரின் சப்டிரான்சியன்ட் ரியாக்டன்ஸ் (திடீர் மாற்றத்தின்போது அதன் உள் தடை) பொதுவாக 12 முதல் 20 சதவீதம் இருக்கும். அதே ஹார்மோனிக் ஆம்பியர் அங்கே மூன்று மடங்கு மின்னழுத்தச் சிதைவைத் தரும். படி 3-ஐ அந்த எண்ணோடு மீண்டும் ஒருமுறை போடுங்கள்.

படி 8: சரிபார்த்தல்

முதலில் அளந்த அதே இடங்களில், அதே அளவு லோடில், மீண்டும் ஒரு வாரம். வாரப் பதிவின் 10 நிமிட மதிப்புகளில் 95 சதவீதம் எல்லைக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே ஒரு உச்சத்தைக் காட்டி வேலையைத் தோல்வி என்று சொல்ல வேண்டியதில்லை. பிறகு ஏ.பி.எஃப்.சி.யை மேனுவலில் வைத்து, ஸ்டெப்களை ஒவ்வொன்றாக ஏற்றி, ஒவ்வொரு நிலையிலும் 5-ஆம், 7-ஆம் வரிசை மின்னழுத்தத்தை எழுதுங்கள். எந்த ஸ்டெப்பிலாவது திடீரென ஏறினால் அங்கே இன்னும் ரியாக்டர் இல்லாத கெபாசிட்டர் ஒளிந்திருக்கிறது, அல்லது ஒரு ரியாக்டரோ கெபாசிட்டரோ மதிப்பு மாறிப்போயிருக்கிறது. ஜெனரேட்டரிலும் இரவின் குறைந்த லோடிலும் இதே அளவை எடுங்கள். முழு லோடு இரண்டு மணி நேரம் ஓடிய பின் ரியாக்டர் முனைகள், நியூட்ரல் பஸ், கெபாசிட்டர் கேபிள் லக் ஆகியவற்றைத் தெர்மல் கேமராவில் பார்த்து, அந்தப் படங்களையும் வாரப் பதிவையும் பேனல் வரைபடத்தோடு வையுங்கள். அடுத்த புதிய டிரைவுக்குக் கேபிள் இழுக்கும் முன் படி 3-ஐயும் படி 4-ஐயும் மீண்டும் போட இந்த எண்கள்தான் வேண்டும்.